மன்றத் தலைவன் ஷெல்டன் கீழ் லயத்தில் தேத்தண்ணி குடித்த வீரசரிதம்

மலையுச்சியில் நான்கு காலையும் அகல ஊன்றி நின்று, மழையென்றும் மூட்டமென்றும் பாராமல் திசையெல்லாம் சிக்னல் பொழிந்தருளும் இரும்புக் கோபுரமே, போற்றி! எடுத்த படம் கைச்சூடு ஆறுமுன் அதைப் பாரெல்லாம் பரவச்செய்யும் பரம தயாபரனே, போற்றி! உன்னை முன்வைத்தே இச்சரிதத்தைத் தொடங்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் இதன் நாயகன் வணங்கும் மூர்த்திகளுள் மூத்தவன் நீயே, ஞாயிறு காலைப் பூசையில் அவன் முழந்தாளிட்டுத் தலைகுனிந்திருந்ததும் உன் அருட்கோடுகள் கைபேசியில் எத்தனை விழுந்திருக்கின்றன என்று பார்ப்பதற்கே. அன்றைக்கு எல்லாக் கோடுகளும் விழுந்திருந்தன.

வாழ்க ஷெல்டன்! பதுளை நகரத்துக் கல்லூரி ஒன்றின் (பெயர் எதற்கு, அங்கே நல்ல பிள்ளைகளும் படிக்கிறார்கள்) கிறிஸ்தவ மாணவர் அன்புப்பணி மன்றத்தின் மாண்புறு தலைவன். ஜெல்லால் நிமிர்ந்து ஜெல்லாலேயே நிலைபெற்ற கருங்குழற் கோமான். சேறு காணாத வெள்ளைச் சப்பாத்து வேந்தன். கண்கலங்கி நிற்கும் முதியோரின் தோளில் கைபோட்டுக் கமராவின் பக்கம் முகத்தைச் சாய்ப்பதில் ஊவா மாகாணத்திலேயே ஒப்பாரும் மிக்காரும் இல்லாதவன். மைக்கைக் கண்டால் விடாதவன், மண்வெட்டியைக் கண்டால் தொடாதவன். தருமம் என்னும் வலக்காலையும் கும்மாளம் என்னும் இடக்காலையும் ஒரே சப்பாத்துக்குள் நுழைத்து நடக்கக் கற்றவன். அந்த வித்தைக்கு அவன் வைத்த பெயர் பெலன்ஸ்.

பெலன்ஸ் என்றால் என்னவென்று அறியாத பாமரர்க்காகச் சொல்கிறேன். ஏழைகளுக்கு உதவப் போவதாகச் சொல்லி வேன் பிடிப்பது; உச்சி வெயிலுக்கு முன் உதவியை முடித்துவிடுவது; முடித்த கையோடு, பேசிப் பிடித்த வேன் சும்மா திரும்புவானேன் என்று அதே வேனில் ஊர் சுற்றப் போவது. முதியோர் இல்லத்தில் பாயசம் ஊற்றிய அன்று துன்ஹிந்த அருவிக்கரையில் ஆட்டம். சிறுவர் இல்லத்தில் பலூன் ஊதிக் கொடுத்த அன்று அப்புத்தளை முகட்டில் பாட்டு. காலை கர்த்தருக்கு, மாலை நமக்கு என்பது மன்றத்தின் எழுதப்படாத சட்டம். கர்த்தர் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமையின் பங்கீடு இப்படி. பூசை முடிந்ததும் ஸ்பிரிங்வெளிக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடசாலைப் பைகள் வழங்குவது கர்த்தரின் பங்கு. ஒரு மணிக்கு அங்கிருந்து புறப்பட்டு எல்லவுக்குப் போய், மன்றத்தின் செயலாளர் நிலுக்ஷியின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டி, ஒன்பது வளைவுப் பாலத்தின் மேல் பின்னேர ரயில் ஊர்ந்து வரும் வேளைக்குச் சரியாகப் போய் நின்று, பாலமும் ரயிலும் பின்னால் விழ நிலுக்ஷியோடு சேர்ந்து படமெடுப்பது நமது பங்கு. ரயில் யாருக்காகவும் காத்து நிற்காது.

இதிலே ஒரு வில்லங்கம் நேர்ந்துவிட்டது. வேனில் நிலுக்ஷியின் பக்கத்துச் சீட்டு ஒன்றுதான் உண்டு. எல்லாப் பெண்களுக்கும் பக்கத்தில் ஒரு சீட்டுத்தான் இருக்கும், ஆனால் ஷெல்டனின் உலகில் இந்த ஒன்றுதான் இருந்தது. அதை, பூசையின் இறுதி ஆசீர்வாதம் விழுமுன்பே கோவிலை விட்டு நழுவி ஓடிவந்த மன்றப் பொருளாளர் ஜெயகுமார் பிடித்துக்கொண்டான். தலைவனோ டயருக்கு மேலே, முழங்கால் மோவாயில் இடிக்கும் பின்சீட்டில், பாடசாலைப் பைகளின் மூட்டைக்கும் பேனர்ச் சுருளுக்கும் நடுவே திணிக்கப்பட்டு, குழிக்குக் குழி தலை கூரையில் முட்ட, தன் நெஞ்சுக்குள் ஒரு சபதம் செய்தான்: "ஒரு மணிக்கு இவ்வேன் மீண்டும் உருளும்போது அவள் அருகில் அமர்ந்திருப்பவன் நானே! அன்றேல் இம்மன்றத்துக்கு நான் தலைவன் அல்லன்!" இனி நடந்த போர் முழுவதும் அந்தச் சீட்டுக்காகத்தான்.

அந்தத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் இரண்டு. தார்ப்பாதையின் ஓரத்தில், வேன் நிற்குமிடத்தில், மேல் லயம். அங்கிருந்து படிக்கட்டில் இறங்கி, பீலியில் தண்ணீர் பிடிப்பவர்களைத் தாண்டி, சரிவின் அடியில் கீழ் லயம். மேல் லயத்து வாசலில், ஓய்வுபெற்ற கங்காணியும் கோவில் காரியங்களுக்கு முன்நிற்பவருமான சிங்கராயர் சாமந்தி மாலையோடு காத்திருந்தார். தப்பு அதிர்ந்தது, மாலை விழுந்தது, பேனர் விரிந்தது, மைக் கைக்கு வந்தது. "சேவையே எமது சுவாசம்! மலையகத்தின் விழிநீரைத் துடைக்க இந்தக் கரங்கள் போதா. எனினும் இவை ஓயா!" என்று ஓயாத அக்கரங்களில் ஒன்றை உயர்த்தி நாயகன் முழங்கினான். பிறகு பைகள் வழங்கப்பட்டன. பையின் முதுகில் மன்றத்தின் பெயரும் அதன்கீழ்த் தலைவனின் பெயரும் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தபடியால், பிள்ளை தன் பெயரை எழுத இடமில்லாமல் போயிற்று.

சிங்கராயர் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் கதிரை போட்டார்கள். பூப்போட்ட பீங்கான் கோப்பையில் பால் தேத்தண்ணி வந்தது, கூடவே வாழைப்பழமும் கேக் துண்டும். தலைவன் குடித்தான். படமும் விழுந்தது. கைபேசியில் நேரம் பார்த்தான். இன்னும் கீழ் லயத்துக்கு இறங்கி அங்குள்ள பிள்ளைகளுக்கும் பை கொடுத்து ஏற வேண்டும். கொடுத்தால் ஆயிற்று, அரை மணி நேர வேலை.

அரை மணி நேரத்துக்குள் கொடுத்தும் முடித்தான். பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் பையையும், பையைப் பார்க்காமல் கமராவையும் பார்த்துக்கொண்டே கொடுக்கும் கலை அவனுக்குக் கைவந்தது. கடைசிப் பையும் கைமாறித் தலைவன் படிக்கட்டின் பக்கம் சப்பாத்தைத் திருப்பிய அந்தக் கணத்தில், லயத்தின் முதல் வீட்டுக் காம்பராவிலிருந்து இராக்கம்மா வெளியே வந்தாள். காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டில் தோட்டத்துத் துரை கூட்டிக் குறைத்து ஏதேனும் சொன்னால், முகத்துக்கு நேரே எதிர்த்துக் கேட்கும் பெண்பிள்ளை அவள். கையிலே தட்டு, தட்டிலே கிளாஸ், கிளாஸிலே ஆவி பறக்கும் தேத்தண்ணி.

"வேணாங்க அம்மா. இப்பத்தான் மேல குடிச்சிட்டு வந்தேன்" என்றான் ஷெல்டன்.

அட பாவி! கல்லூரியில் எதை எதையோ படித்தவனே! மேலே குடித்துவிட்டு வந்து கீழே வேண்டாம் என்று சொல்வதற்கு இந்த மலைநாட்டில் ஒரே ஓர் அர்த்தந்தான் இருக்கிறதென்று உனக்குத் தெரியாதா? அதன் பெயர் சாதி. மேல் லயம் ஏன் மேலே இருக்கிறது, கீழ் லயம் ஏன் கீழே இருக்கிறது, மாலை போட்டவர்கள் யார், அந்த மாலைக்குத் தப்படித்தவர்கள் யார் என்பதெல்லாம் அங்கே பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஷெல்டனுக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவனுடைய அப்பா லுணுகலைப் பக்கத்து லயமொன்றில் பிறந்தவர். ஆனால் அதை அவன் நிலுக்ஷியிடம் மட்டுமன்றித் தன்னிடமும் சொல்லாமல் மறைத்துவந்ததில், கடைசியில் உண்மையாகவே மறந்துபோயிருந்தான். அவன் நினைத்தது ரயிலை. அவர்கள் காதில் விழுந்தது வேறு.

கூடவே இறங்கி வந்திருந்த தப்பு நின்றது. பை கிடைத்த குதூகலத்தில் கத்திக்கொண்டிருந்த பிள்ளைகளைத் தாய்மார் இழுத்து அருகில் வைத்துக்கொண்டார்கள். இராக்கம்மா தட்டை நீட்டிய கையை மடக்கவில்லை.

"மேல லயத்துல கேக்கும் தின்னீங்க, தேத்தண்ணியும் குடிச்சீங்கன்னு சொன்னாங்க. எங்க வீட்டுத் தேத்தண்ணி மட்டும் தொண்டையில எறங்காதாங்க தம்பி?"

தலைவனின் செவ்விய முகம் வெளிறிற்று. அருகே நிலுக்ஷி கைபேசியை உயர்த்தி நேரலை ஓடவிட்டிருந்தாள், உலகம் பார்த்துக்கொண்டிருந்தது, உலகம் பார்க்கும்போது ஷெல்டன் நல்லவன். "என்னங்க அம்மா இப்பிடிச் சொல்லிட்டீங்க!" என்று கிளாஸை இரு கையாலும் ஏந்தி, சூட்டையும் பொருட்படுத்தாமல், அண்ணாந்து அடியுமட்டும் குடித்து வைத்தான். இராக்கம்மாவின் முகம் கொஞ்சம் இளகியது. தப்பு மறுபடி தொடங்கிற்று.

அத்துடன் தப்பினோம் என்றுதான் நினைத்தான். லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் இருக்குமிடம் என்பதும், ஒரு வீட்டில் குடித்தவன் அடுத்த வீட்டைத் தாண்டிப் போனால் முன்னையதைவிடப் பெரிய பொல்லாப்பு விளையும் என்பதும் அவனுக்குத் தோன்றவில்லை. ஆனால் அடுத்த வீட்டுக்காரிக்குத் தோன்றிற்று. "இராக்கம்மா வீட்டுல குடிச்சவரு நம்ம வீட்டுல குடிக்கமாட்டாரா?" என்றொரு குரல் எழ, அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு அதற்கடுத்த வீட்டில் அடுப்பு ஊதும் சத்தமும், அதற்கும் அடுத்த வீட்டில் கோப்பை கழுவும் சத்தமும் எழுந்து, வரிசை நெடுகப் புகை கிளம்பியது.

இனி நடந்ததைச் சொல்ல எனக்கு ஒரு வாய் போதாது. இரண்டாம் வாசலில், உள்ளங்கையில் சீனியைக் கொட்டி நக்கிக்கொண்டு குடிக்க வேண்டிய கறுத்த சாயத் தேத்தண்ணி, நாவைச் சுருட்டி அடிநாக்கில் கசப்பை ஊன்றி அவனை எதிர்கொண்டது, அதை வென்றான். மூன்றாம் வாசலில், விருந்தாளி என்று பால்மாவைக் கையை நீட்டி அள்ளிப் போட்டுக் கரண்டி நிற்கும் பதத்தில் ஆற்றிய பால் தேத்தண்ணி, ஆடையைப் போர்த்துக்கொண்டு அவன்மேல் பாய்ந்தது; அதையும் வென்றான். அடுத்த வாசலில் இஞ்சி காத்திருந்தது. அதற்கடுத்த வாசலில், மழைக் குளிரில் வந்த தம்பிக்குத் தடிமன் பிடிக்கக் கூடாதென்று கொத்தமல்லி காத்திருந்தது. அப்பால் ஒரு வீட்டில் கிளாஸ் எல்லாம் பக்கத்து வீடுகளுக்கு இரவல் போயிருந்தபடியால், கல்யாணப் பரிசாக வந்து பெட்டிக்குள் இருந்த பெருங்குவளையை எடுத்து, விளிம்பு தளும்ப ஊற்றி, ஆளுயரப் பாசத்தோடு நீட்டினார்கள். அரைவாசி போதும் என்றான். "மேல லயத்துல அரைவாசிதான் குடிச்சீங்களா?" என்று கேட்டார்கள். முழுவதையும் குடித்தான்.

நிலுக்ஷி பின்னாலேயே வந்தாள். "மக்களோட மக்களா நம்ம தலைவர்!" என்று அவள் நேரலையில் அறிவிக்க, விருப்பக் குறிகள் கொத்துக் கொத்தாகப் பறந்தன, கொழும்பிலிருந்து ஒருவர் இதயம் அனுப்பினார், கட்டாரிலிருந்து ஒருவர் கைகூப்பு அனுப்பினார். புகழ் உள்ளே போவதைவிட வேகமாகத் தேத்தண்ணி உள்ளே போயிற்று. மேலே பாதையிலிருந்து வேன் சாரதி சுரேஸ் நீளமாக ஹோர்ன் அடித்தான். பையில் கைபேசி துடித்தது, எடுத்துப் பார்த்தால் ஜெயகுமாரின் செய்தி: "மச்சான் அவசரமில்ல. நான் வேன்ல ஏறிட்டேன்."

அந்தச் செய்தி தைத்த அதே நொடியில்தான், இத்தனை வாசல்களிலும் தோற்றோடியதாக அவன் நம்பியிருந்த பகைவர் யாவரும், சாயமும் பாலும் இஞ்சியும் கொத்தமல்லியும், தத்தம் கொடிகளைத் தாழ்த்தி ஒரே சேனையாகத் திரண்டு, தொப்புளுக்குக் கீழே ஒரு குறுகிய வாசலில் வந்து நின்று கதவைத் தட்டினர். தலைவன் இடக்காலை வலக்காலோடு ஒட்டிக்கொண்டான். நெற்றியில் வேர்வை அரும்பிற்று. வெள்ளைச் சப்பாத்து நின்ற இடத்திலேயே தாளம் போட்டது.

புதருக்குப் பின்னால் போனாலென்ன என்று கேட்பீர்கள். ஆண்பிள்ளைகள் அப்படித்தான் போவார்கள். ஆனால் காலையில் பெய்த மழைக்குப் புல்லெல்லாம் அட்டை. வெள்ளைச் சப்பாத்து வேந்தனுக்கு அட்டை என்றால் உயிர் போகும். போதாததற்குப் புதுப்பை மாட்டிய பிள்ளைகள் கூட்டம் அவன் போகுமிடமெல்லாம் தொடர்ந்து வந்தது, அதற்குப் பின்னால் நிலுக்ஷி, அவள் கையில் உலகம். வேறு வழியின்றி இராக்கம்மாவின் பக்கம் சாய்ந்து, இதுகாறும் மைக்கில் முழங்கிய குரலைப் பூனைக்குட்டிக் குரலாக்கி, "அம்மா, டொய்லட் எந்தப் பக்கங்க?" என்று கேட்டான்.

"நீங்க கட்டிக் குடுத்ததுதானே தம்பி" என்றாள் இராக்கம்மா. கை காட்டினாள்.

லயத்தின் கோடியில் அது நின்றது. நீலச் சுவர், தகரக் கூரை, நெற்றியில் பளபளவென்று ஒரு கருங்கல் பலகை. பலகையில் பொன்னெழுத்தில்: மன்றத் தலைவர் திரு. ஷெல்டன் அவர்களால் திறந்து வைக்கப்பட்டது. பலகைக்குக் கீழே கதவு இருக்க வேண்டிய இடத்தில் காற்று இருந்தது. உள்ளே இருப்பவர் உலகுக்கும், உலகம் உள்ளே இருப்பவருக்கும் நன்றாகத் தெரியும்.

கதவு இல்லாமலில்லை. திடமான பலகைக் கதவு, கீலோடும் கொண்டியோடும், போன வருஷம் திறப்பு விழாவன்று வேனின் கூரையில் ஏறி வந்தது. ஆனால் கதவை மாட்டிவிட்டால் சிவப்பு ரிப்பன் படத்தில் எடுப்பாக விழாது என்று தலைவனின் நுண்மதி கண்டுகொண்டது. "கதவு பொறகு" என்றான். வெறும் வாசலில் ரிப்பனைக் கட்டினான், வெட்டினான், படம் விழுந்தது, அருவிக்குப் போக நேரமாகிவிட்டது. கூரையில் ஏறிய கதவு இறங்காமலே பதுளைக்குத் திரும்பிப் போயிற்று. இன்று அது மன்ற அறையில் இரண்டு மேசைகளின் மேல் மல்லாந்து கிடக்க, நடுவே வலையைக் கட்டி மன்றத்தார் மாலைதோறும் டேபிள் டென்னிஸ் ஆடுகிறார்கள். நல்ல கதவு, பந்து நன்றாக எழும்புகிறது.

காவியம் பாடுகிறவன் நடுவில் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் படுகிறேன். ஒரு வருஷமாகக் கீழ் லயத்தில் ஒருத்தி உள்ளே போனால், இன்னொருத்தி வெளியே நின்று, கொழுந்தெடுக்கப் போகும்போது இடுப்பில் சுற்றும் அந்த முரட்டுப் படங்கை விரித்துப் பிடிக்கிறாள். பிடிக்க ஆளில்லாத நேரத்தில் அடக்கிக்கொள்கிறார்கள். படிக்கிற பெண்பிள்ளைகள் காலையில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் பாடசாலைக்குப் போகிறார்கள், பின்னேரம் திரும்பி வந்தும் குடிப்பதில்லை. அந்தக் கருங்கல் பலகையைப் பெயர்த்தெடுத்து இவன் தலையில் போட்டாலும் என் ஆத்திரம் அடங்காது.

இராக்கம்மா வீட்டுக்குள் போய்ப் படங்கை எடுத்து வந்தாள். ஒரு முனையை மகள் துஷாந்தினியிடம் கொடுத்தாள், மறுமுனையைத் தான் பிடித்தாள். கேலி எதுவும் அவள் முகத்தில் இல்லை.

"போங்க தம்பி. நாங்க புடிச்சிக்கிறோம். நாங்கல்லாம் இப்பிடித்தான் போறோம்."

ஷெல்டன் படங்கைப் பார்த்தான். அது முழங்காலுக்குக் கீழே எட்டாது. வெள்ளைச் சப்பாத்து வெளியே தெரியும், எந்தத் திசை பார்த்து நிற்கிறதென்பதும் தெரியும். பிள்ளைகளைப் பார்த்தான், வாய்பிளந்து நின்றார்கள். நிலுக்ஷியைப் பார்த்தான், அவள் கைபேசியைத் தாழ்த்தவில்லை. பெண்கள் நாள்தோறும் செய்வதைத் தலைவன் ஒரு முறை செய்தால் போதும், எல்லாம் நலமாய் முடிந்திருக்கும். ஆனால் காவிய நாயகர்க்கு மானம் பெரிது. முதுகை நிமிர்த்தி, தொடையோடு தொடையை இறுக்கி, கருங்கல் பலகையை ஏறிட்டு நோக்கி, அவன் பிரகடனம் செய்தான்:

"தாய்மாரே! நான் வந்தது இதைப் பார்வையிட! இக்குறையை நேரில் கண்டு என் நெஞ்சு பதைக்கிறது! அடுத்த கிழமை இவ்வாசலில் கதவு நிற்கும்! இது மன்றத்தின் வாக்கு!"

இரண்டொருவர் பழக்க தோஷத்தில் கைதட்டினார்கள். படங்கின் முனையைப் பிடித்திருந்த துஷாந்தினி மட்டும், "போன வருசமும் அடுத்த கெழமன்னுதாங்க சொன்னீங்க" என்றாள். அதற்குள் தலைவன் திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டான். இராக்கம்மா படங்கை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டாள்.

படிக்கட்டு ஏறுவது என்பது வயிற்றில் ஒரு சேனையைச் சுமப்பவனுக்குச் சாதாரணக் காரியமன்று. ஒவ்வொரு படியிலும் காலை அகட்டியாக வேண்டும், அகட்டினாலோ ஆபத்து. பக்கவாட்டில் திரும்பி, நண்டு நடப்பதுபோல், பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினான். நிலுக்ஷி முன்னால் ஓடிவிட்டாள். மேலே வந்து பார்த்தால், வேன் இரைந்துகொண்டு நின்றது. நிலுக்ஷி ஜன்னலோரம் ஏறி அமர்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், அந்த ஒரே சீட்டில், கால்மேல் கால் போட்டு ஜெயகுமார்.

இங்கேதான் தலைவன் தலைவனானான். அந்த வேதனையிலும், அந்த வேர்வையிலும், ஒரு கணம் கண்மூடி, தான் நன்கறிந்த ஒரே ஆயுதத்தை எடுத்தான். "எல்லாரும் எறங்குங்க! பேனரோட கடைசியா ஒரு படம்!" படம் என்ற சொல் கேட்டபின் வேனுக்குள் இருப்பவன் அன்புப்பணி மன்றத்தவன் அல்லன். முடியைக் கோதிக்கொண்டு அனைவரும் இறங்கினார்கள். ஜெயகுமாரும் இறங்கினான், அதிலும் நடுவில் நிற்க முண்டியடித்தான். ஜெயகுமாரின் கைபேசியை வாங்கிச் சிங்கராயரிடம் கொடுத்து, அவர் விரல் அழுத்தி முடிக்குமுன் ஷெல்டன் பேனரின் முனையைக் கைவிட்டு, நிலுக்ஷியையும் அழைத்துக்கொண்டு வேனுக்குப் பாய்ந்தான். நிலுக்ஷிக்கு வழிவிட்டு ஜன்னலோரம் ஏற்றி, அவளையொட்டி அந்தச் சீட்டில், அந்தப் பொற்சீட்டில், அந்தச் சபதச் சீட்டில் விழுந்தான்! பேனரைப் பிடித்தபடி ஜெயகுமார் பாதையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

வெற்றி! தோட்டத்து மலைகள் எதிரொலித்தன என்று சொல்ல ஆசைதான். வேன் கதவைச் சாத்தும் சத்தம் மட்டும் கேட்டது. ஜெயகுமார் முறைத்துக்கொண்டே மறுபக்கத்தில் ஏறி அமர்ந்து, பழிக்குப் பழியாக, பிறந்தநாள் கேக் பெட்டியைத் தூக்கித் தலைவனின் மடியில், தொப்புளுக்குக் கீழே, அந்த முற்றுகையிடப்பட்ட இடத்தின் மேலேயே வைத்தான். "இந்தா மச்சான், பத்திரமா வச்சிக்க." நிலுக்ஷியோ, "இன்னிக்கு நீங்க அவங்க வீட்டுலெல்லாம் குடிச்சது எனக்கு ரொம்பப் பெருமையா இருந்திச்சி" என்று சொல்லி, அவன் தோளில் தலை சாய்த்தாள். எத்தனையோ மாதங்களாக அவன் செபமாலையில் உருட்டிய வரம் கிடைத்தேவிட்டது. அவனால் அசையக்கூட முடியவில்லை.

மலைப்பாதையில் வேன் வளைந்து வளைந்து இறங்கியது. குழிதோறும் கேக் பெட்டி ஏறி ஏறி விழுந்தது. தலைவன் தேவாராதனைப் பாடல்களை நினைத்தான், சிலுவைப்பாடுகளின் பாஸ்கு நாடகத்தை நினைத்தான், கணக்கு வாய்பாட்டை நினைத்தான். நீர் சம்பந்தமில்லாத எதையும் நினைத்தான். பாதையோரம் முழுக்க நீரூற்றுகளே சொரிந்துகொண்டிருந்தன. பதுளை நகர் வந்தது. சாரதி சுரேஸ் கண்ணாடியில் பார்த்து, "யாருக்காச்சும் எறங்கணும்னா இப்பவே சொல்லுங்க. பஸ் ஸ்டாண்டுல டொய்லட் இருக்கு. பொறகு எல்லதான்" என்றான்.

ஜெயகுமார் தலைவனின் நெற்றி வேர்வையை ஆசையோடு பார்த்தான். "மச்சான், எறங்கணும்னா எறங்கு. கேக்க நான் வச்சிக்கிறேன். சீட்டையும் பாத்துக்கிறேன்."

ஐயனே, இறங்கியிருக்கலாமே! ஒரு சீட்டுப் போனால் என்ன, உலகம் கவிழ்ந்துவிடுமா? கீழ் லயத்துப் பிள்ளைகளுக்கு இறங்க ஒரு பஸ் ஸ்டாண்ட் இருந்தால் விழுந்து கும்பிடுவார்களே! ஆனால் ஷெல்டன் தன் தோளில் கிடந்த தலையைப் பார்த்தான், ஜெயகுமாரின் சிரிப்பைப் பார்த்தான், கைபேசியில் ரயில் வரும் நேரத்தைப் பார்த்தான். பிறகு, கேக் பெட்டியைச் சிம்மாசனத்துச் செங்கோலென இறுகப் பற்றிக்கொண்டு, நடுக்கம் தெரியாதபடி தன் வாழ்வின் மாபெரும் பிரகடனத்தைச் செய்தான்: "ஒருவனுக்காகப் பலர் காத்திருப்பது மன்றத்தின் மரபன்று! வண்டியை விடுங்க சுரேஸ் அண்ணே!"

வண்டி விடப்பட்டது. நகரம் பின்வாங்கிற்று, பாலம் கடந்தது, பாட்டு உரத்தது, பின்சீட்டில் கைதட்டல் எழுந்தது, தன் குலமும் கோத்திரமும் மறந்த அவ்வீரன், இடப்புறம் இன்பமும் வலப்புறம் பகையும் மடிமேல் மதுரமும் சூழ, கண்கள் மேலே செருக, உதடு வெள்ளை பூக்க, வென்றெடுத்த ஆசனத்தில் வாகைசூடி வீற்றிருந்தான், ஹாலிஎல வளைவில் எதிரே ஒரு பஸ் முழுப்பாதையையும் அடைத்துக்கொண்டு திரும்பிற்று, சுரேஸ் பிரேக்கை ஓங்கி மிதித்தான், கேக் பெட்டி எழுந்தது, எழுந்து, தன் முழுப் பாரத்தோடும் விழுந்தது.

ஷெல்டன் சீட்டிலேயே மூத்திரம் போய்விட்டான்.